ஜின்னும் சுழலும்: இளையோர் நாவல்களில் மனநோய் பேசும் மொழி

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் தஞ்சோங் ரம்புத்தானைத் தெரியும். பேராக்கில் உள்ள அந்த ஊரை நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஓய்வு நேரத்தில் ஒருவன் தனியாக முணுமுணுத்துக் கொண்டிருந்தால், "இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடலாம்" என்று இன்னொருவன் சொல்வான், எல்லாரும் சிரிப்பார்கள். 1911ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. மருத்துவமனையின் பெயர் மாறியது. ஊரின் பெயர் வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது மலாய்த் தோழிகளும் சீனத் தோழிகளும் அதே கேலியைச் செய்வதைக் கேட்டேன். மூவினமும் ஒத்துப்போகும் விஷயங்களில் இதுவும் ஒன்று போலும்.

இக்கட்டுரையில் இரண்டு ஆங்கில நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, நம் நாட்டு எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் 2019இல் வெளியிட்ட 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை'. மற்றொன்று, அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீனின் 'டர்ட்டில்ஸ் ஆல் தி வே டவுன்' (2017). இரண்டிலும் கதை சொல்பவள் பதினாறு வயதுப் பெண். இருவருக்கும் ஒரே நோய். ஆங்கிலத்தில் ஓசிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்நோயைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். ஒரே நோயை இரு ஆசிரியர்களும் எந்த மொழியில் பேச வைத்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி. இதை வெறும் இலக்கியக் கேள்வியாக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பெயரை மறைத்த காலம்

முதலில் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பதின்ம வயதினரின் மனத்துயரை அவர்கள் குரலிலேயே சொல்லும் நாவல் என்றால் 1951இல் வந்த 'தி கேட்சர் இன் தி ரை'யிலிருந்துதான் பலரும் தொடங்குவார்கள். அதில் ஹோல்டனுக்கு என்ன நோய் என்று எங்கும் சொல்லப்படுவதில்லை. அடுத்து வந்த இரண்டு நாவல்கள் மனநல மருத்துவமனைக்கு உள்ளேயே போயின: சில்வியா பிளாத்தின் 'தி பெல் ஜார்' (1963), ஜோன் கிரீன்பெர்க்கின் 'ஐ நெவர் ப்ராமிஸ்ட் யூ எ ரோஸ் கார்டன்' (1964). இவ்விரண்டிலும் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இரண்டு நூல்களின் அட்டையிலும் அப்போது இருந்தவை புனைபெயர்கள். பிளாத் விக்டோரியா லூகாஸ் ஆனார். கிரீன்பெர்க் ஹன்னா கிரீன் ஆனார். தம் அனுபவத்தை எழுதத் துணிந்தவர்களுக்கும் தம் பெயரை எழுதத் துணிவு வரவில்லை. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்களுக்கும் ஒரு தஞ்சோங் ரம்புத்தான் இருந்திருக்கும்.

1999இல் லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' வந்தபோது கதை மருத்துவமனையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. 2006இல் நெட் விஸினி, தாம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அனுபவத்தை அடிப்படையாக வைத்து ஒரு நாவலைத் தம் சொந்தப் பெயரிலேயே எழுதினார். ஜான் கிரீனோ தமக்கு எண்ணச் சுழற்சி நோய் இருப்பதைப் பேட்டிகளிலேயே வெளிப்படையாகப் பேசுகிறவர்.

இந்த வகை நூல்கள் எல்லாமே நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. 2007இல் வந்த 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வை' எனக்குப் பிடிக்காத நாவல். இறந்துபோன ஒரு மாணவி ஒலிநாடாக்களை விட்டுச் செல்கிறாள். அவளுக்குத் தீங்கு செய்தவர்கள் ஒவ்வொருவராக அவற்றைக் கேட்டுக் கலங்குகிறார்கள். வாழும்போது ஒருவரும் கேட்காத குரலை இறந்தபின் எல்லாரும் கேட்பார்கள் என்று அந்தக் கதை சொல்கிறது. பதினைந்து வயதில் வலியோடு இருக்கும் ஒருவருக்கு இதைவிட ஆபத்தான பொய்யைச் சொல்ல முடியாது. உண்மையில் இறந்தவர் எதையும் கேட்பதில்லை; யார் அழுதார்கள் என்று பார்ப்பதுமில்லை. 2017இல் இது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது மனநல வல்லுநர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2019இல் ஒரு காட்சியை நீக்கியது. நம் நாட்டிலோ தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவரைக் குற்றவாளியாக நிறுத்தக்கூடிய தண்டனைச் சட்டப் பிரிவு 309, 2023இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை உதவி கேட்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வது போல் இருந்தது.

மெலாத்தியின் ஜின்

இனி மெலாத்திக்கு வருவோம். 1969, கோலாலம்பூர். மெலாத்தி அகமது பீட்டில்ஸ் பாடல்கள் மீது பைத்தியமாக இருப்பவள் (இந்தச் சொல்லை நாம் எவ்வளவு எளிதாகப் புழங்குகிறோம் பாருங்கள்). அப்பா இல்லை. அம்மா மருத்துவமனையில் தாதி. தனக்குள் ஒரு ஜின் குடியிருப்பதாக மெலாத்தி நம்புகிறாள். அம்மா கோரமாகச் சாகும் காட்சிகளை அந்த ஜின் அவள் கண்முன் கொண்டுவந்து காட்டும். காட்சி மறைய வேண்டுமானால் எண்ண வேண்டும். விரலால் தட்ட வேண்டும். எல்லாம் மூன்று மூன்றாக. ஒரு முறை பிசகினால் மீண்டும் முதலிலிருந்து.

எண்ணச் சுழற்சி நோய் எப்படி இயங்குகிறது என்பதை நான் படித்த எந்தக் கையேட்டையும்விட இந்நாவல் தெளிவாகக் காட்டுகிறது எனலாம். வேண்டாத எண்ணம் ஒன்று வருகிறது. எல்லாருக்கும் வருவதுதான், மாடியில் நிற்கும்போது கையிலுள்ள கைப்பேசியைக் கீழே வீசிவிடுவோமோ என்று தோன்றாதவர் யார்? மற்றவர்கள் அதை உதறிவிட்டுப் போய்விடுவார்கள். நோயுள்ளவருக்கோ அந்த எண்ணம் வந்ததே ஆபத்தின் அறிகுறியாகிவிடுகிறது. பதற்றம் ஏறுகிறது. அதைத் தணிக்க ஒரு சடங்கைச் செய்கிறார்: எண்ணுவது, கழுவுவது, சரிபார்ப்பது. உடனே நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் பொறி. "நீ எண்ணியதால்தான் அம்மா பிழைத்தாள்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் அதிகமாக எண்ண வேண்டியிருக்கிறது. கந்துவட்டிக்காரனிடம் வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருப்பது போல. அசல் குறைவதே இல்லை.

அப்புறம் மே 13 வருகிறது. அன்று மாலை நகரில் இனக்கலவரம் வெடிக்கிறது. அதிகாரப்பூர்வக் கணக்கின்படி இறந்தவர்கள் 196 பேர்; உண்மையில் இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று சொல்பவர்கள் பலர். திரையரங்கில் தோழி சாஃபியைப் பிரிந்த மெலாத்தியை ஒரு சீனப் பெண்மணி காப்பாற்றித் தம் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். இருபத்து நான்கு மணி நேர ஊரடங்கு. அம்மா நகரின் வேறொரு மூலையில். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது.

இந்நோய் உள்ளவரிடம் நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் என்ன? "அதெல்லாம் ஒன்னும் நடக்காது, சும்மா யோசிக்காத." ஹன்னா அல்காஃப் அந்த ஆறுதலையே கதையிலிருந்து எடுத்துவிடுகிறார். நடக்கும். நடந்துகொண்டிருக்கிறது. ஜின் இத்தனை நாளாகக் காட்டிய காட்சிகள் தெருவில் கிடக்கின்றன. கற்பனை அச்சமும் உண்மை அச்சமும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும்போது இந்தப் பெண் எதைச் செய்வாள்? எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பாளா, நடந்துபோய் அம்மாவைத் தேடுவாளா? என் வாசிப்பில் நாவலின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கலவரம் பின்னணிக் காட்சி அன்று. நோயைச் சோதிக்கும் களம் அது. எண்ணுவது யாரையும் காப்பாற்றவில்லை என்பதை எந்த மருத்துவரும் சொல்லாமல் அவளே கண்டறிய வேண்டியிருக்கிறது. வின்சென்ட் என்ற சீன இளைஞன் உடன் வருகிறான். ஆனால் ஜின்னை அவனால் விரட்ட முடியாது. நல்லவேளை, காதல் வந்ததும் நோய் பறந்துவிடும் என்ற பழைய மருந்தை ஆசிரியர் நமக்குத் தரவில்லை.

தலைப்புக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பழமொழி இருக்கிறது. மிதிக்கும் மண் எதுவோ அங்கேயே வானத்தையும் தலையில் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். தேசியப் பள்ளியில் படித்த எல்லாரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்போம். போன இடத்து வழக்கத்தை மதி என்று விடை எழுதியிருப்போம். அதில் வரும் 'ஜுன்ஜோங்' என்ற சொல்லுக்குத் தலையில் சுமப்பது என்று பொருள். வானத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு நடக்கும் பதினாறு வயதுப் பெண்ணை நினைத்துப் பார்த்தபின் அந்தப் பழமொழியை மதிப்பெண்ணுக்கான விடையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

குறைகளும் உண்டு. வேண்டிய ஆள் வேண்டிய நேரத்தில் எதிரே வந்துவிடுகிறார். அதுவும் ஒரு முறை அல்ல. இன ஒற்றுமை பற்றிச் சிலர் பேசும் இடங்கள் நன்னெறிக் கல்விப் பாடநூலை நினைவுபடுத்துகின்றன. இருந்தாலும் இவர் நோயைக் கேள்விப்பட்டு எழுதியவர் அல்லர். இந்நாவலுக்கு முன்பே மலேசியாவில் மனநோயோடு வாழ்பவர்களைப் பற்றி 'கிலா' என்ற ஓர் உரைநடை நூலை 2016இல் எழுதியவர். கிலா என்றால் பைத்தியம். வசைச்சொல்லையே நூலின் பெயராக வைத்தார்.

ஏஸாவின் சுழல்

ஜான் கிரீனின் ஏஸா ஹோம்ஸ் இண்டியானாபொலிஸ் நகரில் இருக்கிறாள். அவளைச் சுற்றிக் கலவரம் இல்லை. மனநல மருத்துவர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது, நோய்க்குப் பெயரும் இருக்கிறது. தன் உடலுக்குள் கிருமிகள் பெருகிவிட்டன என்பது அவள் அச்சம். விரல் நுனியில் ஆறாத ஒரு காயம். அதைத் திறந்து பார்ப்பாள், சுத்தம் செய்வாள், புதிய பட்டை ஒட்டுவாள், மறுபடியும் திறப்பாள். மெலாத்தியிடம் பேசுவது ஜின் என்னும் வேறொருவன். ஏஸாவிடம் பேசுவதோ அவளுடைய எண்ணமே. எனவே அவளுடைய கேள்வி வேறு: என் எண்ணங்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், 'நான்' என்பது யார்? நோயை அவள் சுழலாகக் காண்கிறாள். உள்ளே போகப் போக இறுகிக்கொண்டே போகும், முடிவே இல்லாத சுழல். ஏதோ ஒரு தமிழ் மருத்துவர் எண்ணச் சுழற்சி என்று இந்நோய்க்குப் பெயர் வைத்தபோது இந்த நாவல் வந்திருக்குமோ வந்திருக்காதோ, படிமம் என்னவோ ஒன்றுதான்.

எனக்கு மிகப் பிடித்தது தோழி டெய்சி. அவள் ஓய்வு நேரத்தில் ஸ்டார் வார்ஸ் பாத்திரங்களை வைத்துக் கதைகள் எழுதுகிறவள். அவற்றில் வரும் எரிச்சலூட்டும் ஒரு பெண் தன்னைப் பார்த்து எழுதப்பட்டவள் என்பதை ஏஸா கண்டுபிடிக்கிறாள். நோயாளிக்கு அருகில் இருப்பவருக்கும் களைப்பு வரும், கோபம் வரும். அதை எங்காவது கொட்டுவார். நம் கதைகளில் நோயாளியின் தோழி ஒன்று தெய்வமாக இருப்பாள், இல்லையென்றால் துரோகியாக இருப்பாள். டெய்சி இரண்டும் இல்லை. ஏஸா முழுதாகக் குணமாகிவிட்டாள் என்று கதை முடிவதும் இல்லை.

எங்கள் வீட்டில் வந்த சொல்

இந்த நாவல்கள் என் கைக்கு வந்ததற்குக் காரணம் என் அத்தை மகள். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். படிவம் 4இல் படித்தபோது அவள் சாமி அறையில் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. விளக்கேற்றுவாள், கும்பிடுவாள், பாதியில் நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். அத்தைக்கு முதலில் பெருமைதான். "இந்தக் காலத்துல எந்தப் புள்ளைக்கு இவ்வளவு பக்தி இருக்கு?" என்று உறவினர்களிடம் சொல்வார். விளக்கேற்றும் அந்த நொடியில் அம்மா சாலையில் அடிபட்டுக் கிடக்கும் காட்சி அவளுக்கு வருகிறது, காட்சி இல்லாமல் ஏற்றினால்தான் அந்த விளக்குச் செல்லும் என்று அவள் நம்புகிறாள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மெலாத்தியின் ஜின் எங்கள் வீட்டுச் சாமி அறையிலேயே இருந்திருக்கிறது.

தெரிந்ததும் முதலில் நடந்தது முனி அடித்திருக்கிறது என்ற பேச்சு. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நான் கயிற்றைக் கேலி செய்ய மாட்டேன். இஸ்லாமிய நம்பிக்கையில் ஜின் என்பது உண்டு. ஆகவே "அப்படி ஒன்றும் கிடையாது" என்று மெலாத்தியிடம் சொல்லிவிட்டுப் போக முடியாது. நாவலும் அப்படிச் சொல்வதில்லை. எங்கள் அத்தைக்கும் அப்படித்தான். கயிறு அவருக்கு உறக்கம் தந்தது. ஆனால் பிள்ளைக்கு இன்னொரு சடங்கைச் சேர்த்துவிட்டது: கயிறு சரியாக இருக்கிறதா என்று அவள் தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

பிறகு அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். மருத்துவர் பொறுமையானவர், மலாயில் தெளிவாக விளக்கினார். அத்தைக்குச் சந்தை மலாய் வரும், மருத்துவ மலாய் வராது. மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்தவள், யூபிஎஸ்ஆரில் தமிழுக்கு ஏ வாங்கியவள், அங்கே சொல் தேடி நின்றேன். 'தெக்கானான்' என்றால் மன அழுத்தம். 'கெமுருங்கான்' என்றால் மனச்சோர்வு. இரண்டும் வெவ்வேறு. நம் பேச்சிலும், பல செய்தித்தாள்களிலும், இரண்டுக்கும் மன அழுத்தம் என்ற ஒரே சொல்தான். அத்தை உடனே கேட்டார்: "பரீட்ச டென்ஷன்தானம்மா? எஸ்பிஎம் முடிஞ்சா போயிரும்ல?" சொல் ஒன்று என்பதால் பொருளும் ஒன்றாகிவிட்டது. அழுத்தம் என்றால் அழுத்துகிற பொருளை எடுத்தால் போதும். சோர்வும் சுழற்சியும் அப்படிப் போவதில்லை. ஒரு சொல்லின் குழப்பத்தால் ஒரு பிள்ளையின் சிகிச்சை ஓராண்டு தள்ளிப்போகக்கூடும். 2022ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. அந்த ஒருவரின் அம்மாவுக்கு எந்தச் சொல்லில் சொல்லப்போகிறோம்?

அவளுக்குத் தரப்பட்ட சிகிச்சை மருந்தும் பயிற்சியும். பயிற்சி என்பது அச்சம் தரும் சூழலில் வேண்டுமென்றே நின்று, சடங்கைச் செய்யாமல் பொறுத்திருப்பது. காட்சி வந்தாலும் விளக்கை ஒரே முறை ஏற்றிவிட்டு வெளியே வர வேண்டும். பதற்றம் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும். கேட்க எளிது, முதல் வாரம் அவள் அழுத அழுகை எங்களுக்குத் தெரியும். லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இவ்வழியில் இரண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்ததை 1966இல்தான் எழுதினார். மூன்றே ஆண்டுகள் கழித்து கோலாலம்பூரில் எண்ணிக்கொண்டிருந்த மெலாத்தியை அது எட்டியிருக்காது.

அவன், அது, நான்

இந்த ஆண்டு நாங்கள் நால்வர் 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை'யின் சில பக்கங்களைப் பயிற்சிக்காகத் தமிழில் பெயர்த்துப் பார்த்தோம். பதிப்புரிமை உள்ள நூல் என்பதால் வெளியிடும் எண்ணம் இல்லை. முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டோம். ஆங்கிலத்தில் ஜின் ஆண்பாலில் வருகிறது. மலாயில் 'டியா' என்று எழுதிவிட்டுப் போகலாம்; ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கமாட்டார்கள். தமிழில் வினைமுற்று நம்மை விடுவதில்லை. சிரித்தானா, சிரித்ததா? 'சிரித்தான்' என்றால் அவனுக்கு முகம் வந்துவிடுகிறது. சண்டை போடலாம், ஆனால் அஞ்சவும் வேண்டும். 'சிரித்தது' என்றால் கொஞ்சம் சிறுத்துப்போகிறது. ஆனால் மெலாத்தியின் அச்சமும் அதோடு சிறுத்துவிடுகிறது. எங்களில் இருவர் 'அவன்' பக்கம், இருவர் 'அது' பக்கம்.

அத்தை மகளிடம் கேட்டேன். அவள் இப்போது படிவம் 6. "ரெண்டும் இல்லக்கா," என்றாள். "எனக்கு அது என் குரல்லதான் வரும். 'நீ ஏத்தாத'ன்னு சொல்லாது. 'நான் ஏத்தக்கூடாது'ன்னுதான் வரும். அதான் கண்டுபிடிக்க முடியல." அவளுக்கு மெலாத்தியைப் பிடித்திருக்கிறது, ஆனால் ஏஸாதான் தன்னைப் போன்றவள் என்கிறாள். சிகிச்சையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததோ அந்த 'நான்' என்பதை 'அது' என்று மாற்றிச் சொல்லிப் பழகுவது: 'நான் ஏத்தக்கூடாது' அல்ல, 'நான் ஏத்தக்கூடாதுன்னு அது சொல்லுது'. ஒரு வினைமுற்றைச் சேர்ப்பதற்கு அவளுக்கு ஏழு மாதம் ஆயிற்று.

எங்கள் மொழிபெயர்ப்பில் தற்போதைக்கு 'அவன்' என்று வைத்திருக்கிறோம். மெலாத்தி வலுப்பெறும் இடத்திலிருந்து 'அது' என்று மாற்றலாமா என்று ஒரு யோசனை. மூலத்தில் இல்லாத மாற்றம் என்பதால் ஒருவர் கடுமையாக எதிர்க்கிறார். நான் ஆதரிக்கிறேன். கருத்துச் சொல்ல விரும்புவோர் வியாழக்கிழமை மாலையில் சங்க அறைக்கு வரலாம். அகராதி இருக்கிறது, தேநீரை நீங்கள்தான் வாங்கி வர வேண்டும்.